ஃபின்னோயாவுக்கு அப்பால் வீதி இல்லை

முதல் நாள்: ஓலெசுண்ட் – ஹாரோயா

‘ஓயா’ என்றால் இலங்கையில் பிறந்த நமக்கு ஆறு. மாதுரு ஓயா, தெதுரு ஓயா என்று பள்ளிக்கூடத்தில் வரைபடம் பார்த்துப் படித்திருக்கிறோம். நோர்வேயின் மேற்குக் கரையில் இதே ஒலிக்குத் தீவு என்று பொருள். இன்று மாலை ஓலெசுண்ட் நகரத்திலிருந்து புறப்பட்டு, லெப்சோயா, ஹாராம்சோயா, ஸ்கூலோயா, ஃபியோர்தொஃப்தா ஆகிய நான்கு தீவுகளைக் கடந்து ஐந்தாவதான ஹாரோயாவுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு படகிலும் ஏறவில்லை. காரை விட்டு இறங்கவும் இல்லை.

நோர்தோய்வேகன், அதாவது வட தீவுகளின் வீதி, 2022 இல் திறக்கப்பட்டது. பெருநிலத்திலிருந்து பாலத்தில் ஏறினால் லெப்சோயா. அங்கிருந்து கடலுக்கடியில் சுரங்கம். பிறகு பழைய பாலம் ஒன்று. பிறகு இன்னும் இரண்டு கடலடிச் சுரங்கங்கள். ஒவ்வொரு சுரங்கமும் முதலில் செங்குத்தாகக் கீழிறங்குகிறது, காது அடைக்கிறது. பிறகு அதேபோல மேலேறி, திடீரென்று வெளிச்சமும் காற்றும் புல்வெளியுமாக முடிகிறது. தலைக்கு மேலே நூல் பிடித்தாற்போல ஃபெரிகள் ஓடிய கடல் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முயன்றேன். மூன்றாவது சுரங்கத்தில் அதுவும் மறந்துவிட்டது.

நான் வந்திருப்பது இப்போது இல்லாத ஒரு கொம்யூனைப் பார்க்க. கொம்யூன் என்பதை நம்மூரில் பிரதேச சபை என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் போதாது. இங்கே பத்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், குடும்ப வைத்தியர், குடிநீர், முதியோர் இல்லம், வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியர் எல்லாமே கொம்யூனின் பொறுப்பு. நான் ஒஸ்லோவில் அப்படி வீடு வீடாகப் போகும் தாதி. காலை ஏழரைக்குக் கதவைத் திறந்து, வீக்கம் வராமலிருக்கப் போடும் இறுக்கமான காலுறையை ஒரு தொண்ணூறு வயதுக்காரரின் காலில் ஏற்றிவிடும்போது, அவருக்குக் கொம்யூன் என்பது நான்தான். வரைபடத்துக் கோடுகள் மாறும் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்கள்தான் நினைவுக்கு வரும்.

சாண்டோய் கொம்யூன் 1867 இல் பிறந்தது. 2020 ஜனவரி முதல் நாள் இல்லாமல் போனது. முடியும்போது ஏறத்தாழ 1,250 பேர். நாடு முழுவதும் 428 கொம்யூன்களை 356 ஆகக் குறைத்த சீர்திருத்தம் அது. சாண்டோய், ஹாராம், ஸ்கூட்யே, ஓர்ஸ்கூக் நான்கும் ஓலெசுண்டோடு சேர்க்கப்பட்டன. சாண்டோய் விரும்பிச் சேர்ந்தது. ஹாராம் விரும்பவில்லை, நாடாளுமன்றம் சேர்த்துவைத்தது. ஆகவே ஹாராம் போராடி, 2024 ஜனவரியில் மீண்டும் தனிக் கொம்யூனாகப் பிரிந்துகொண்டது.

இதனால் விளைந்ததை இன்று கண்ணால் பார்த்தேன். ஓலெசுண்டிலிருந்து ஓலெசுண்டுக்கே சொந்தமான ஹாரோயாவுக்கு வர, இடையில் நான்கு தீவுகளும் ஹாராமின் மண். தாய்வீட்டுக்குப் போக அடுத்த வீட்டு முற்றத்தைக் கடப்பதுபோலத்தான். யாரும் தடுக்கப்போவதில்லை. என்றாலும் வரைபடத்தில் அந்தத் துண்டு தனியே கிடப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

இரவு பதினொன்றாகியும் இருட்டவில்லை. ஸ்டெயின்ஸ்ஹாம்னில் தங்கியிருக்கிறேன். சாண்டோயின் நிர்வாக மையமாக இருந்த ஊர் இதுதான்.

இரண்டாம் நாள்: ஹாரோயா, ஃபின்னோயா

ஹாரோயா தட்டையான தீவு. நோர்வே என்றால் மலை என்று பழகிய கண்ணுக்கு இது வேறு நாடு. மேற்கே திறந்த அட்லாண்டிக். கரையோரச் சதுப்புகளும் ஆழமற்ற கடலும் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. காலையில் இரண்டு மணிநேரம் கரையோரம் நடந்தேன். சிப்பித் தின்னிகள் விடாமல் கத்தின. ஈடர் வாத்து ஒன்று குஞ்சுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு கடற்பாசிக்குள் புகுந்தது. இந்த ஈடரின் மென்தூவிதான் ஒருகாலத்தில் நோர்வேக் கரையோரத்துப் பெண்களுக்குக் கைக்காசு.

மதியம் ஒரு கடை வாசலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோடு பேசக் கிடைத்தது. வீதி வந்ததைப் பற்றிக் கேட்டேன். அவர் முதலில் சொன்னது இரவுகளைப் பற்றி. முன்பு புயல் அடித்தால் ஃபெரி நிற்கும். பிரசவ வலியோ மார்புவலியோ வந்தால் ஹெலிகொப்டரோ மீட்புப் படகோதான் வர வேண்டும். “இப்போது காற்று எவ்வளவு என்று பார்க்காமல் தூங்குகிறேன்” என்றார். அதற்கு மேல் வீதிக்கு நியாயம் தேவையில்லை. கொம்யூன் போனதைப் பற்றிக் கேட்டேன். சற்று யோசித்தார். முன்பு தலைவரைக் கடையில் பிடித்துக் குறையைச் சொல்லலாம், இப்போது இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வானிலை மாறியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

1,250 பேர் ஒரு முதியோர் இல்லத்தை, ஒரு மருத்துவரை, ஒரு பள்ளியைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்று தொழில்முறையில் எனக்குத் தெரியும். ஒரு தாதி நோயில் படுத்தால் அந்த இடத்துக்கு ஆள் தேடுவதற்குள் நாள் முடிந்துவிடும். பல்லாயிரம் பேரின் கொம்யூனில் அந்தத் தட்டுப்பாடு குறையும். அதே சமயம் பெரிய கொம்யூனில் பணத்தட்டுப்பாடு வந்தால் கத்தி முதலில் ஓரத்தைத்தான் தேடும். ஹாரோயாவின் மக்கள் இரண்டையும் அறிந்தே முடிவெடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் செய்தது தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

ஃபின்னோயா அடுத்த தீவு. சிறு பாலத்தால் ஹாரோயாவோடு ஒட்டியிருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்கான இயந்திரங்களால் பெயர் பெற்ற இடம். இன்றும் இங்கே கப்பல்களுக்கான புரொப்பெல்லரும் கியரும் செய்கிறார்கள். பட்டறைப் பக்கம் போனால் உப்புக்காற்றோடு எண்ணெய் வாசமும் கலந்து வருகிறது.

பட்டறையைத் தாண்டி ஃபெரி இறங்குதுறை. வீதி அங்கே முடிகிறது.

மூன்றாம் நாள்: சாண்டோயா, ஓர்டா

நான் நெடுந்தீவில் பிறந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை வழியாக வேலணை, அங்கிருந்து வாணர் தாம்போதியால் புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. வீதி அங்கே முடியும். மிச்சம் படகு. ஆகவே இன்று காலை ஃபின்னோயா இறங்குதுறையில் மாவு மூட்டையோடும் தோட்டத்துக்கு வாங்கிய பூந்தொட்டியோடும் ஃபெரிக்காகக் காத்திருந்தவர்களுக்குள் நானும் நின்றபோது, எனக்கு எதையும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைக்குப் போன வேலையை ஃபெரி நேரத்துக்குள் முடிக்கத் தெரிந்தவர்களின் நிதானம் அவர்கள் முகத்தில் இருந்தது.

இந்த ஃபெரி ஸ்மோகெயிலிருந்து புறப்பட்டு ஓர்டா, ஃபின்னோயா, சாண்டோயா, ஊனா என்று தொட்டுப் போகிறது. கொம்யூனுக்குப் பெயர் கொடுத்த சாண்டோயா, வீதியின் பங்கு கிடைக்காத தீவுகளில் ஒன்று. 1812 இல் கட்டிய மரத்தேவாலயம் இங்கே இருக்கிறது. கடலோடிகளும் மீனவர்களும் ஞாயிறு வழிபாட்டுக்குச் சுற்றுத் தீவுகளிலிருந்து படகு வலித்து வந்த காலத்தில், மையம் என்பது தேவாலயமும் துறைமுகமும் இருந்த இடம். பிறகு மையம் ஹாரோயாவுக்குப் போனது. இப்போது ஓலெசுண்டுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் அது நகர்ந்திருப்பது பெருநிலத்தை நோக்கித்தான்.

ஓர்டாவில் அரை மணிநேரம்தான் இறங்கி நடந்தேன். மழை.

நான்காம் நாள்: ஊனா

எழுத்தில் பார்த்தால் ‘ஓனா’ என்று வாசிக்கத் தோன்றும். நோர்வேஜியர் வாயில் ஊனா.

ஒரு சிறு பாறைத்தீவு, அதன் பக்கத்தில் ஹூசோயா என்ற இன்னொன்று, இரண்டையும் இணைக்கும் பாலம். ஹூசோயாவில் வெள்ளை மணல் உண்டு. ஊனாவின் பாறை முகட்டில் சிவப்பு வெளிச்சவீடு. வார்ப்பிரும்பால் செய்தது, 1867 இல் ஏற்றியது. கொம்யூனும் வெளிச்சவீடும் ஒரே வயது. ஒன்று போய்விட்டது, மற்றது இரவில் இன்னும் எரிகிறது. கோடையில் இந்த அகலாங்கில் இரவே இல்லை என்பதால் அதன் வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. சிவப்பை மட்டும் பார்த்தேன். பச்சைப் புல்லுக்கும் சாம்பல் கடலுக்கும் நடுவே அது எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது.

முகட்டின் கீழே வீடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. இடமில்லாமல் நெருங்கிய நெருக்கம் மட்டுமல்ல அது. காற்றுக்கு எதிராக ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சுவராக இருப்பதை நடந்து பார்த்தால் உணரலாம். இரண்டு வீட்டுக்கு நடுவே நின்றேன். தலைமயிர் அசையவில்லை. மூன்று அடி வெளியே வந்ததும் காற்று தோளைப் பிடித்துத் தள்ளியது. மரம் என்று ஒன்று இல்லை.

மனிதர் இங்கே வந்து குடியிருந்ததற்குக் காரணம் எளிமையானது. துடுப்பும் பாயும் மட்டும் இருந்த காலத்தில் மீன் இருக்கும் இடத்துக்கு அருகே வாழ்பவனுக்கே மீன் கிடைக்கும். பெருநிலத்திலிருந்து வலித்து வருபவன் வந்து சேரும்போது ஊனாக்காரன் தூண்டிலை இழுத்து முடித்திருப்பான். நல்ல மண்ணும் விறகும் நன்னீரும் உள்நாட்டுக்காரனுக்கு. கொட் மீனும் ஹெரிங்கும் இவர்களுக்கு. பிறகு படகில் இயந்திரம் வந்தது. தூரம் பொருளிழந்தது. பெரிய படகுகளுக்குப் பெரிய துறைமுகம் வேண்டியிருந்தது. 1960களின் முடிவில் வலைதூக்கி இயந்திரங்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நோர்வேயின் வசந்தகால ஹெரிங் கூட்டம் ஏறத்தாழ அழிந்தது. கரையோரத் தீவுகளைத் தாங்கிய தூண் இப்படி முறிந்தது. அதைக் கொம்யூன் எதுவும் நிமிர்த்தியிருக்க முடியாது.

இருந்தும் ஊனாவில் ஆண்டு முழுவதும் ஒரு கைப்பிடி மனிதர் வாழ்கிறார்கள். மண்பாண்டம் செய்பவர்கள் உண்டு. கோடையில் விருந்தினர் வருகிறார்கள். தன் படகைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், நான் தாதி என்றதும், குழாயை நிறுத்திவிட்டு என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். அவருடைய அக்காவுக்கு எண்பத்தேழு வயது. தீவிலேயே இருக்க விரும்புகிறார். வீட்டுப்பராமரிப்பு எத்தனை நாள் வரும், எந்தக் கட்டத்தில் முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்வார்கள், மறுக்க உரிமை இருக்கிறதா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உதவி பெறும் உரிமை சட்டத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான், எந்த இடத்தில் எப்படி என்பதைக் கொம்யூன் தீர்மானிக்கும். அவர் தலையாட்டினார். அந்தத் தீர்மானத்தை எடுப்பவர் ஊனாவுக்கு வந்திருப்பாரா என்று அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் இருவரும் அதைத்தான் நினைத்தோம்.

வீதியில்லாத தீவுகள் பலவற்றுக்கு 2022 இலிருந்து அரசு ஃபெரியை இலவசமாக்கியிருக்கிறது. நல்ல காரியம். நெடுந்தீவில் குமுதினிப் படகுக்காகக் காத்திருந்து வளர்ந்தவள் என்ற முறையில் அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஃபெரி இரவில் ஓடாது.

ஐந்தாம் நாள்: கொஸ்ஸன் வழியாக

ஃபின்னோயாவில் விட்டிருந்த காரை ஏற்றிக்கொண்டு ஸ்மோகெ வந்தேன். இது கொஸ்ஸன் தீவு, ஔக்ரா கொம்யூன். சாண்டோய்க்கு அடுத்த வீடு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் சோவியத் போர்க்கைதிகளைக் கொண்டு இங்கே விமானத்தளம் கட்டினார்கள். அந்த ஓடுபாதைப் பக்கம் காரை நிறுத்திச் சற்று நேரம் நின்றேன்.

தீவின் நீஹாம்னாவில், ஓர்மன் லாங்கெ என்ற கடலடி வயலின் எரிவாயு கரையேறுகிறது. 2007 இலிருந்து. அங்கிருந்து 1,166 கிலோமீற்றர் குழாய் வழியாக இங்கிலாந்துக்குப் போகிறது. அந்த ஆலை செலுத்தும் சொத்துவரியால் ஔக்ராவின் கையில் காசு உண்டு. சீர்திருத்தக் காலத்தில் அது யாரோடும் சேரவில்லை. கடலடியில் எரிவாயு இருந்த தீவு தன் சபையைக் காப்பாற்றிக்கொண்டது, ஹெரிங் இருந்த தீவுகளால் முடியவில்லை.

மறுகரைக்கு ஃபெரி, பிறகு ஹுஸ்தாட்விகா என்ற திறந்த கடற்பரப்பின் ஓரமாக வடக்கே. 1989 இல் திறந்த அட்லாண்டிக் வீதியில் எல்லோரும் நின்று படமெடுத்தார்கள். நானும் எடுத்தேன். அவரோய் தீவிலிருந்து கடலடிச் சுரங்கத்தில் கிறிஸ்தியன்சுண்ட் வந்து சேரும்போது பசி. தக்காளியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சமைத்த உப்புக் கருவாட்டு பக்கலாவோ ஒரு தட்டு. இந்த ஊரின் பழைய செல்வம் பெரும்பாலும் பாறையில் காயவைத்த இந்தக் கொட் கருவாட்டிலிருந்து வந்ததுதான். காயவைத்தவர்கள் பெண்கள். துறைமுகத்தில் அவர்களுக்குச் சிலை இருக்கிறது.

ஆறாம் நாள்: கிரிப்

சாண்டோய்க்கு வந்தவள் கிரிப்புக்கு ஏன் போனேன் என்றால், ஊனாவில் படகு கழுவியவர் போகச் சொன்னார். “எங்களுடைய மூத்த சகோதரம்” என்றார்.

கிறிஸ்தியன்சுண்டிலிருந்து வடமேற்கே 14 கிலோமீற்றர். கோடையில் மட்டும் பயணிகள் படகு. 1897 இலிருந்து 1964 வரை இந்தப் பாறை ஒரு தனிக் கொம்யூன். நோர்வேயிலேயே மிகச் சிறியது. கடைசியில் நூறு பேர் அளவில் இருந்தார்கள். போருக்குப் பிறகு 744 ஆக இருந்த கொம்யூன்களைக் குறைத்த முதல் பெரிய அலையில் கிரிப் கிறிஸ்தியன்சுண்டோடு சேர்ந்தது. பத்தே ஆண்டுகள். 1974 இல் கடைசிக் குடியும் போய்விட்டது. சேர்த்ததால் போனார்களா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஊனாவைத் தாக்கிய அதே இயந்திரப் படகும் அதே துறைமுகக் கணக்கும்தான் இங்கேயும். ஆனால் சொந்தச் சபை இருந்திருந்தால் யாராவது கடைசிவரை வாதாடியிருப்பார்கள். அந்த வாதாட்டமும் ஒரு ஊருக்கு உரியதுதான்.

தீவின் உச்சியில், உச்சி என்றாலும் கடலிலிருந்து சில மீற்றர்தான், 1470 ஐ ஒட்டிக் கட்டிய தூண்மரத் தேவாலயம். 1796 புயலில் வீடுகள் பெருவாரியாகக் கடலோடு போயின. தேவாலயம் நின்றது. உள்ளே போனால் கண் பழகச் சற்று நேரமாகிறது. பிறகு பீடத்தில் பொன்னும் நிறமுமாக மரச்சிற்பம். நடுவே மரியாள், இருபுறமும் புனித ஊலாவும் புனித மார்கரெட்டும். 1515 இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்தியானை மணக்க நெதர்லாந்திலிருந்து கடல்வழி வந்த ஹப்ஸ்பேர்க் இளவரசி இசபெல்லாவின் காணிக்கை என்பது மரபு. இதே பாணியில் நோர்வேக் கரையில் ஐந்து உண்டு. சில நூறு மீன்பிடிக்காரரின் பாறையில் நெதர்லாந்துப் பொன். இருக்கையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

வெளியே வீடுகள் பாழடையவில்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொரு கோடையும் வருகிறார்கள். கூரை மழையைத் தொட்டியில் பிடித்துக் குடித்த தீவு இது. நன்னீர்க் கிணறுகளைக் கண்போலக் காத்த நெடுந்தீவுக்காரிக்கு அந்தத் தொட்டிகளைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஒன்றின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.

வரும்போது படகில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். இங்கேயே பிறந்தவர், பதினெட்டு வயதில் நகரத்துக்கு வேலைக்குப் போனவர். இரண்டு வாரம் தங்கப் போவதாகச் சொன்னார். மகள் மறுநாள்தான் வருவாராம். இறங்கும்போது அலை தெறித்து அவர் கால் முழங்கால்வரை நனைந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வீடுவரை போனேன். இந்த நாட்டில் எந்த வயதினரையும் பெயர் சொல்லித்தான் அழைப்போம், நானும் அப்படியே அழைத்தேன். மனதுக்குள் மட்டும் அம்மா என்றேன்.

சன்னலோர நாற்காலியில் அமர்ந்து, நனைந்த காலுறையைக் கழற்றப் பார்த்தார். குனிய முடியவில்லை. இறுக்கமான அந்த மண்நிறக் காலுறை எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தரையில் மண்டியிட்டு இரண்டையும் கழற்றினேன். பையில் மாற்று இருந்தது. குதிகாலை என் தொடையில் வைத்து, விரல்நுனியிலிருந்து சுருக்கம் விழாமல் மேலே ஏற்றினேன்.

“வீட்டுப்பராமரிப்பு கிரிப்புக்கு வருவதில்லையே” என்றார்.

“இன்றைக்கு வந்திருக்கிறது” என்றேன்.

மற்றக் காலை நீட்டினார். துறைமுகத்தில் படகின் சங்கு ஒருமுறை ஒலித்தது. இன்னும் கால்மணி நேரம் இருந்தது.